நொச்சிமேட்டு நன்மைச் சன்னல்

பாரம்பரிய நடைக் குழுவின் கையேட்டில், பதினான்காம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: “நொச்சிமேடு, புனித சந்தியாகப்பர் ஆலயம். நம் பகுதியின் மத்திய காலக் கிராமத் தேவாலயம். சுற்றிக் காட்டுபவர்: திருமதி எழிலரசி. தலைமுறை தலைமுறையாக இவ்வாலயத்தின் நிழலில் வாழ்ந்துவரும் எளிய குடும்பத்தைச் சேர்ந்த இவர், மாறாத புன்னகையோடும் தாழ்ந்த குரலோடும் விருந்தினரை வரவேற்று ஆலயத்தின் மாட்சியை எடுத்துரைப்பார்.” அதன் கீழே ஒரு கைபேசி எண்.

இதில் கைபேசி எண் சரி.

கோயில் மத்திய காலத்தது அல்ல. வாசல் நிலைக்கு மேலே 1751 என்று கொட்டை எழுத்தில் வெட்டியிருக்கிறது. தலையைத் தூக்கினால் தெரியும். எழிலரசி நொச்சிமேட்டில் வாழ்பவரும் அல்ல. கடலூர் செம்மண்டலத்தில் மாடி வீட்டில் இருக்கிறார். மின்வாரியத்தில் கணக்கீட்டாளர், அதாவது வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பவர். வயது நாற்பத்து நான்கு. நாய் கட்டிய கேட்டுக்கு வெளியே நின்று “மீட்டர்!” என்று இருபது வருஷம் கத்திய தொண்டையிலிருந்து தாழ்ந்த குரலை எதிர்பார்ப்பது நியாயமில்லை. புன்னகை உண்டு. ஆனால் மாறாதது என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் எதிராளி வாதத்தில் வழுக்கி விழுந்த பிறகுதான் அது வரும்.

நிழல் விஷயம் எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை. அதற்கு ஊரைச் சொல்ல வேண்டும்.

புதுச்சத்திரத்தில் சிதம்பரம் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் ஆறு கிலோமீட்டரில் நொச்சிமேடு. கோயிலைச் சுற்றி மேலத்தெரு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனி. இரண்டிலும் கிறிஸ்தவர்களே. ஒரே ஞானஸ்நானத் தொட்டி, ஒரே ஜெபம், இரண்டு கல்லறைத் தோட்டம். எழிலரசி காலனிப் பெண். அம்மா இறந்தபின் அப்பா சின்னையன் செம்மண்டலத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால், சனிக்கிழமைதோறும் ஸ்கூட்டியில் குழம்புத் தூக்கோடு இங்கே வருகிறார்.

அந்தச் சனிக்கிழமை வழக்கம்தான் அவரை வழிகாட்டி ஆக்கியது. கோயிலைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கியபோது, திறந்து காட்ட ஆளில்லை. பங்குச் சாமியார் சார்லஸ் சாமிக்கு மூன்று ஊர்க் கோயில்கள் பொறுப்பு. அவர் எழிலரசியிடம் சாவியைக் கொடுத்தார். இங்கிலீஷ் தெரியும், வண்டி இருக்கிறது, சனிக்கிழமை தவறாமல் வருகிறார். பங்குப் பேரவைத் தலைவர் ராஜாமணிக்கு இது பிடிக்கவில்லை.

“சாவி வாய்க்காலுக்கு அந்தாண்ட போவுதே சாமி?”

“சரி, மேலத்தெருவுல யாரு சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்து தொறக்கிறீங்க? கைய தூக்குங்க.”

யாரும் தூக்கவில்லை. உரிமை வேறு, வேலை வேறு என்பதில் அந்தத் தெருவுக்கு எப்போதும் தெளிவு உண்டு.

எழிலரசி நன்றாகவே காட்டினார். தேக்கு உத்தரம், சுண்ணாம்புப் பூச்சு, பிரெஞ்சுக்காரர்கள் வார்த்துக் கொடுத்த மணி, அதில் ஒரு விரிசல், அந்த விரிசலுக்கு ஆளுக்கொரு கதை. கடைசியாகத் தென்சுவர்ச் சன்னலிடம் அழைத்துப் போவார்.

சன்னல் என்பது மரியாதைக்கு. பீடத்துக்குச் சற்று முன்னால், ஒன்றரை அடி கனச் சுவரில், மீட்டர் பெட்டி அளவுக்கு ஒரு திறப்பு. கோயிலின் தரை உயரம் என்பதால் உள்ளே இருப்பவருக்கு இடுப்பளவில் இருக்கும், வெளியே நிற்பவருக்கு முகத்தளவில். காலனியில் அதை நன்மைச் சன்னல் என்பார்கள். நன்மை என்பது பூசையில் சாமியார் நாவில் வைக்கும் அப்பம். காலனிக்காரர்கள் கோயிலுக்குள் வரக்கூடாது என்றிருந்த காலத்தில், உள்ளே எல்லாருக்கும் கொடுத்து முடித்தபின், சாமியார் அந்தத் திறப்பு வழியாகக் கையை நீட்டுவார். வெளியே வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவராக வந்து நாக்கை நீட்டுவார்கள். தென்பக்கத்தில் மரமில்லை. தை, மாசியில் விடிந்தது முதல் முதுகில் வெயில். கையேடு சொல்லும் நிழல் இந்த இடத்தில் ஒருநாளும் விழுந்ததில்லை.

இதையெல்லாம் எழிலரசி ஒளிக்காமல் சொல்வார். வந்தவர்கள் “அப்படியா?” என்பார்கள், “ச்சே” என்பார்கள், பிறகு மணியின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அதுவரை சண்டை இல்லை.

சண்டை நடனசபாபதி வடிவத்தில் வந்தது. சிதம்பரத்தில் ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர். நடைக் குழுவைத் தொடங்கியவர். கெட்ட மனிதர் என்று அவருடைய மாணவர்கள்கூடச் சொல்லமாட்டார்கள். லண்டனுக்கு வெளியே இருக்கும் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியபோது, பொழுது போகாமல் ஞாயிறுதோறும் பக்கத்துக் கிராமத்துப் பழைய சர்ச்சுகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நொச்சிமேட்டுக் கோயிலில் முதன்முதலாக நுழைந்தவர், தென்சுவர்த் திறப்பின் முன் குனிந்து வெளியே பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் பூத்திருந்தது.

“அம்மா, இது என்னன்னு தெரியுமா?”

“தெரியும் சார். நன்மைச் சன்னல்.”

“அது பேரு. காரணம்? நான் சொல்றேன். இங்கிலாந்துல மெடீவல் சர்ச்சுல இப்படியே இருக்கு. தொழுநோயாளிங்களை உள்ள விடமாட்டாங்க. அவங்க வெளியில நின்னு பீடத்தப் பார்க்கறதுக்காக வச்ச சாளரம். தமிழ்நாட்டுலயே இது ஒண்ணுதாம்மா!”

“இங்க நின்னவங்க நோயாளிங்க இல்ல சார். காலனிக்காரங்க. எங்க தாத்தா, அவரோட அப்பா… எங்கப்பாவே நின்னுருக்காரு.”

நடனசபாபதி ஒரு நிமிஷம் யோசித்தார். முகத்தில் இரக்கம் ஊறியது.

“அப்போ உங்க குடும்பத்துலயே இருந்திருக்கு. இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்லம்மா. இப்பல்லாம் மாத்திரையிலயே குணமாயிடுது.”

எதிர்ச் சாட்சியத்தையே தன் கட்சிக்கு ஆதாரமாக்கிக்கொள்ளும் வித்தை நிறையப் படித்தவர்களுக்குத்தான் கைகூடும். எழிலரசிக்கு அன்று வாய் அடைத்தது. அது அவருடைய வாழ்க்கையில் அரிய சம்பவம்.

இரண்டு மாதத்தில் கையேடு வந்தது. அதன் பின்னாலேயே ஒரு கருங்கல் பலகையும் வந்தது. இரண்டடிக்கு ஒன்றரை அடி, தங்க எழுத்து. சன்னலுக்குப் பக்கத்தில் உள்சுவரில் பதித்துப் பட்டுத்துணி போட்டு மூடினார்கள். துணியைத் தூக்கிப் பார்த்த முதல் ஆள் எழிலரசி.

“தொழுநோயாளர் சாளரம். நோயுற்ற எளியோரையும் கைவிடாது, அவர்களும் பூசை கண்டு நன்மை பெறும் பொருட்டு இவ்வூர்ப் பெரியோர் அமைத்த கருணையின் அடையாளம்.”

நோய் என்றது ஒரு கோபம். அவருடைய அப்பா உயிரோடு இருக்கிறார், எழுபத்தெட்டு வயதில் சைக்கிள் ஓட்டுகிறார். வாராத வியாதியை அவருக்குக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் எழிலரசியின் காதுமடல் சிவந்தது ‘கருணை’ என்ற வார்த்தையைப் படித்தபோது. வெளியே நிறுத்தியவர்களே பெரியோர்களாம். ஓட்டை வைத்தது அவர்களுடைய கருணையாம். திறப்பு விழா அடுத்த சனிக்கிழமை. நடைக் குழுவிலிருந்து முப்பத்திரண்டு பேர் பஸ்ஸில் வருகிறார்கள். துணி விலகிவிட்டால் அந்தக் கல் சொல்வதே சரித்திரம். அதை மாற்ற அவருக்கு இருந்தது ஏழு நாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சார்லஸ் சாமியின் அறைக்குப் போனார். ராஜாமணி அங்கேதான் இருந்தார். அரிசி ஆலை வைத்திருப்பவர், வெள்ளை வேட்டி, வாய் நிறைய ‘ஒற்றுமை’.

“எழிலு, பழசக் கெளறி என்னா ஆவப்போவுது?”

“பழசப் பாக்கத்தான சார் சிதம்பரத்துலேர்ந்து பஸ் வெச்சு வராங்க?”

“கல்லுல யார் மேலயும் பழி போடலியே. வியாதின்னா ஆண்டவன் குடுக்கிறது. யாருக்கும் அசிங்கம் இல்ல.”

“எங்கப்பாவுக்கு ஆண்டவன் குடுக்கல சார். உங்க தாத்தா குடுத்தாரு.”

சார்லஸ் சாமி இருமினார். சமாதானம் செய்ய முற்படும் ஒவ்வொரு முறையும் அவருக்கு இருமல் வரும். “ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு வார்த்தை போட்டா என்னா? ‘ஏழைகள் சாளரம்’னு…”

“ஏழைங்கிறதுக்காக வெளிய நிக்கல சாமி. மேலத்தெருவுல சோத்துக்கு இல்லாதவனும் உள்ளதான் நின்னான்.”

“அதுக்கு இப்ப நாங்க என்னா செய்யணும்ங்கற?” ராஜாமணியின் குரல் ஏறியது. “நீ எங்க வீட்டு நடுக்கூடம் வரைக்கும் வந்து மீட்டர் பாக்கற. யாராச்சும் தடுத்தமா?”

“தடுத்தா கரண்ட் பில்லு வராது சார். அதனால தடுக்கல.” எழிலரசி மூச்சு வாங்கிக்கொண்டார். “பீடத்துக்கு முன்னாடி ஒரு தேக்கு நாற்காலி கெடக்கே, பித்தளையில பேரு அடிச்சு. அது யாரோடது?”

அது ராஜாமணியின் கொள்ளுத்தாத்தாவுடையது. கோயிலுக்கு நிலம் எழுதிவைத்தவர். அவருடைய விரல்கள் எப்படிக் குறைந்தன என்பது ஊரே அறிந்த கதை. ஊரே பேசாத கதையும் அதுதான்.

“எங்க வூட்டுப் பெரியவர இழுக்கிறியா?” ராஜாமணி எழுந்துவிட்டார்.

“இழுக்கல சார். அவருக்கு உள்ள நாற்காலி போட்டாங்க பாருங்க, அது நல்ல காரியம். கும்புடறேன். இந்தக் கோயில்ல வியாதிக்காரருக்கு உள்ள நாற்காலி. கல்லு மாதிரி இருந்தவங்களுக்கு வெளிய வெயிலு. இத அப்படியே பலகையில எழுதுங்க. நான் ஒரு வார்த்த பேசல.”

ராஜாமணி மேசையைத் தட்டினார். கல் வெட்டியாகிவிட்டது, பதித்தாகிவிட்டது, அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது என்றார். நம் ஊரில் தவறான காரியம் ஒன்று திருத்தவே முடியாததாக மாறுவது அழைப்பிதழ் அடித்த கணத்தில்தான். சார்லஸ் சாமி மறுபடி இருமினார். முடிவு ஒன்றும் இல்லை. முடிவு இல்லை என்றால் கல் இருக்கும் என்று பொருள்.

எழிலரசி அங்கிருந்து நேராக அப்பாவிடம் வந்தார். சின்னையன் கட்டிலில் உட்கார்ந்து மீன்குழம்போடு மத்தியானச் சாப்பாட்டில் இருந்தார்.

“உனக்குக் குஷ்டமாம்ப்பா. அவங்க உன்மேல கருண காட்டுனாங்களாம். கல்லுல போட்டுருக்காங்க.”

“போட்டுட்டுப் போறாங்க வுடு. கருணை நல்ல வார்த்ததான?”

“நல்ல வார்த்தையா?”

“கத்தாத, முள்ளு சிக்கிக்கும்.” சின்னையன் நிதானமாக முள்ளை எடுத்து ஓரம் வைத்தார். “எட்டு வயசுல அங்கதான் மொதமொதலா நன்மை, புதுநன்மை, வாங்குனேன். அப்ப இருந்த சாமியாரு மூணு வருஷம் குடுத்தாரு. கையத்தான் பாத்துருக்கேன். மோதிர வெரல்ல ஒரு மச்சம். மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரியாது. ஒருவாட்டி எங்க சித்தப்பாவ கடலூர் ஆஸ்பத்திரில சேத்திருந்தாங்க. பாக்கப் போனா, பக்கத்துக் கட்டில்ல யாரோ கெழவரு, தலையோட போத்திக்கிட்டுத் தூங்கறாரு. கை மட்டும் வெளிய கெடக்கு. பாத்தா மச்சம். நான் பாட்டுக்குப் போயி முன்னாடி நின்னு நாக்க நீட்டிட்டேன். எங்கம்மா வெச்சாங்க பாரு முதுகுல ஒண்ணு!”

சொல்லிவிட்டுத் தொடை குலுங்கச் சிரித்தார். இந்தக் கதையை அவர் கல்யாண வீடுகளிலும் சொல்வதுண்டு. எல்லாரும் சிரிப்பார்கள். எழிலரசியும் சின்ன வயதில் சிரித்திருக்கிறார். அன்று சிரிக்கவில்லை.

“அப்புறம் வந்த சாமியாரு எல்லாரும் உள்ள வாங்கன்னு கதவத் தொறந்துவுட்டாரு,” என்றார் சின்னையன். “போனோம். உள்ள எங்க நிக்கிறதுன்னு தெரியல. நேரா அதே சன்னல் கிட்டதான் போயி நின்னோம், உள்பக்கமா. ரெண்டு மூணு வருஷம் அங்கயே நின்னோம்.”

“சனிக்கிழமை வந்து இத அந்தப் பேராசிரியர் கிட்ட சொல்லுப்பா.”

“நான் வரல பாப்பா. அந்தச் சன்னல் கிட்ட நின்னதெல்லாம் போதும்.”

சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு பஸ் வந்தது. தொப்பி, தண்ணீர் பாட்டில், கழுத்தில் கேமரா. நடனசபாபதி கையில் சின்ன மைக். மேலத்தெரு சார்பில் ராஜாமணி சந்தன மாலையோடு நின்றார். அவர் பக்கத்தில் சார்லஸ் சாமி. பெரிய கதவு பூட்டியிருந்தது.

“வாங்க சார், வாங்க,” என்றார் எழிலரசி. புன்னகை இருந்தது. அவரை அறிந்தவர் யாராவது அங்கே இருந்திருந்தால் எச்சரித்திருப்பார். “உள்ள போறதுக்கு முன்னாடி வெளியேர்ந்து பாத்துடலாம். இந்தப் பக்கம்.”

முப்பத்திரண்டு பேரும் அவர் பின்னால் தென்சுவருக்குப் போனார்கள். மாசி வெயில், சுவர் கொதித்தது. திறப்பின் முன் ஒரு சமயத்தில் ஒரு தலைதான் வைக்க முடியும். எழிலரசி வரிசை கட்டச் சொன்னார். ஒருவர் பார்த்து முடித்தால்தான் அடுத்தவர்.

“இதுதான் நான் சொன்ன லெப்பர்ஸ் விண்டோ,” என்று மைக்கில் தொடங்கினார் நடனசபாபதி.

“நீங்களே மொதல்ல பாருங்க சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் திறப்பில் வைத்தார். இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் சாய்ந்தார், எக்கிப் பார்த்தார்.

“பீடம் தெரியலையே?”

“என்னா தெரியுது சார்?”

“ஒரு தூண் தெரியுது. பாதித் தூண்.”

“அவ்ளோதான் தெரியும். ஓட்டை நேராப் போவல, பின்பக்கமா சாஞ்சு போவுது. பூசையப் பாக்கறதுக்கு வெச்சதா இருந்தா பீடத்தப் பாத்துல்ல சாஞ்சிருக்கணும்? இது கண்ணுக்கு வெச்சது இல்ல சார். கைக்கு வெச்சது. உள்ள கைய வுட்டுப் பாருங்க.”

நடனசபாபதி கையை விட்டார். முழங்கை வரை அளவெடுத்தாற்போலப் போயிற்று. தாவரவியல்காரர். இலையைத் திருப்பிப் பார்க்காமல் செடிக்குப் பேர் சொல்லக்கூடாது என்று முப்பது வருஷம் பாடம் நடத்தியவர். கையை வெளியே எடுத்து, சுண்ணாம்பு ஒட்டிய விரல்களைப் பார்த்தார்.

“நான் உள்ளேருந்துதான் பார்த்தேன்,” என்றார்.

“எல்லாரும் அப்படித்தான் சார்.”

பிறகு எழிலரசி வரிசையைப் பார்த்துப் பேசினார். மைக் வேண்டியிருக்கவில்லை. யார் நின்றார்கள், யார் நிறுத்தினார்கள், பூசை எத்தனை நேரம், திருவிழாப் பூசை எத்தனை நேரம், அப்பா நாக்கை நீட்டிய கதை, எல்லாம். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. “ச்சே” என்று சொல்லிவிட்டு நகரவும் முடியவில்லை, வரிசை இன்னும் பாதிகூட நகரவில்லை.

ராஜாமணி வேகமாக வந்தார். “ஏ எழிலு, வந்தவங்கள வெயில்ல நிக்க வெச்சிட்டு என்னா பேச்சு? கதவத் தொற.”

“எவ்ளோ நேரமா நிக்கிறாங்க சார்? இருவது நிமிசம். அதுக்கே உங்களுக்குப் பதறுது பாருங்க.”

“தொறந்து விழாவ முடிச்சிடலாம்,” என்றார் நடனசபாபதி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு. “நீங்க சொல்றது நியாயம்மா. நான் மறுக்கல. கையேட்டோட அடுத்த பதிப்புல கண்டிப்பா திருத்திடறேன்.”

“கல்லுக்கு அடுத்த பதிப்பு எப்ப சார்?”

அவர் மைக்கை அணைத்துப் பைக்குள் வைத்தார். தவறு என்று ஒப்புக்கொள்ள ஒரு நிமிஷம் போதும். தவறை எடுத்துக் கீழே வைக்க ஆள் தேடினால், அறிஞர்கள் அடுத்த பதிப்பைக் காட்டுவார்கள்.

“அந்தக் கல்ல எடுக்கறேன்னு இவங்க முன்னாடி ஒரு வார்த்த சொல்லுங்க. இப்பவே தொறக்கறேன்,” என்றார் எழிலரசி.

“அது எப்படி எடுக்கறது? பேரவை முடிவு!” ராஜாமணி சார்லஸ் சாமியின் பக்கம் திரும்பினார். “சாமி, உங்ககிட்ட இன்னொரு சாவி இருக்குல்ல?”

“இருக்கு. புதுச்சத்திரத்துல வீட்டுல இருக்கு.”

“போயி எடுத்தாங்க.”

“வண்டி இல்லியே,” என்றார் சார்லஸ் சாமி. வண்டி அவருக்கு நாலடி பின்னால் நின்றிருந்தது. அதன் சாவி அவர் விரலில் ஆடிக்கொண்டிருந்தது. இம்முறை அவர் இருமவில்லை.

வரிசையில் ஒரு இளம் பெண், சிந்துஜா என்று கழுத்து அட்டையில் பேர், “அக்கா, அங்க தெரியறது பைப்பா? தண்ணி குடிச்சிட்டு வரலாமா?” என்று கேட்டாள்.

“போயிட்டு வாம்மா. அந்தக் காலத்துல அதுவும் இல்ல.”

அவள் குடித்துவிட்டு, திரும்பி வந்து, தன் இடத்திலேயே நின்றாள். இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக முகத்தை வைத்துப் பாதித் தூணைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். பன்னிரண்டே காலுக்கு டிரைவர் ஹாரன் அடித்தார். மதியச் சாப்பாடு சிதம்பரத்தில் சொல்லியிருந்தது. சந்தன மாலை ராஜாமணியின் கையிலேயே வாடியது.

மறுநாள் பேரவை கூடி, ஏகமனதாக எழிலரசியிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. சனிக்கிழமைகளில் இப்போது யார் திறப்பது என்பது ஆய்வில் இருக்கிறது. கல்லை யாரும் திறந்து வைக்கவில்லை, பெயர்த்து எடுக்கவும் இல்லை. பட்டுத்துணிக்குள் இருக்கிறது. எழிலரசியின் கோபம் தணிந்துவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் மேலத்தெருவில் இருப்பவர்கள், மாதம் விட்டு மாதம் மீட்டர் பார்க்க அவர்தான் வருவார்.

அன்றைக்கு நொச்சிமேட்டுக்கு வந்த முப்பத்திரண்டு பேரில் ஒருவரையும் எழிலரசி கோயிலுக்குள் விடவில்லை.